நான் அணைத்த விளக்குகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி கழிந்து ஒரு மாதம் இருக்கும். மைசூருக்கு வெளியே, நஞ்சன்கூடு போகிற பக்கமாக ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நானும் என் கணவரும் செவ்வந்தி போட்டிருந்தோம். நாங்கள் சாமராஜநகர் மாவட்டத்து மார்டள்ளிப் பக்கத்துத் தமிழர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று பழகியவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட அவசரம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம் அந்த அவசரத்தில் செய்ததுதான்.

செவ்வந்தி வளர்ப்பது கிட்டத்தட்ட ஒரு ஏமாற்று வேலை. ராத்திரி நீளமாகிற மாதங்களில் இந்தச் செடி அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடும். முழங்கால் உயரம்கூட வராத செடியில் பூ வந்தால் காம்பும் இருக்காது, பூவும் தேறாது. அதனால் நட்டதிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல், இருட்டியதும் தோட்டம் முழுக்க பல்பைப் போட்டு, இன்னும் பொழுது சாயவில்லை என்று செடியை நம்பவைக்க வேண்டும். ஆளுயரத்துக்குத் தைலமரக் குச்சிகளை நட்டு, குச்சிக்குக் குச்சி ஒயர் இழுத்து, வரிசை வரிசையாகப் பல்பு தொங்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து மோட்டார் ரூமில் ஒரே ஒரு மெயின் சுவிட்ச். ஏழு மணிக்கு அதைத் தூக்கிவிட்டால் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அழகே எனக்குத் தலைவலியாக இருந்தது. ரோட்டில் போகிற பைக்கும் காரும் நின்றுவிடும். போட்டோ எடுக்கிறேன், வீடியோ எடுக்கிறேன் என்று பாத்திக்குள் இறங்கி மிதிப்பார்கள். நான் மூங்கில் கழியைக் கையில் எடுத்துக்கொண்டு கன்னடத்தில் நாலு வார்த்தை விட்டால்தான் நகர்வார்கள்.

எங்கள் தலைக்கு மேலே சின்ன விமானங்களும் அடிக்கடி போகும். மைசூரு விமான நிலையம் அங்கிருந்து அதிக தூரமில்லை. புதிதில் அண்ணாந்து பார்த்தோம், பிறகு அந்தச் சத்தம் அடுத்த வீட்டு மிக்ஸி மாதிரி ஆகிப்போனது. என் கணவர் மட்டும் விளக்கு போடும்போதெல்லாம் கிண்டல் செய்வார். "பாத்துக்கிட்டே இரு புள்ள, ஒரு நாளைக்கு எவனாச்சும் நம்ம தோட்டத்த ஏர்போர்ட்டுனு நெனச்சு எறக்கப் போறான்" என்பார். நானும் சிரிப்பேன். இந்தக் கிண்டல் என் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று அவர் உரம் வாங்க சாமராஜநகர் போயிருந்தார். நான் தனியாக ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுவிட்டு, எரியாமல் போன பல்புகளை மாற்றிக்கொண்டு வரிசைக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஏழரை இருக்கலாம். அமாவாசையை ஒட்டிய நாள், வானத்தில் நிலா இல்லை. மேலே விமானச் சத்தம் கேட்டது. அதில் ஏதோ சரியில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு விக்குமே, அந்த மாதிரி விக்கியது. நின்றது. மறுபடி உயிர் வந்தது. மறுபடி விக்கி, அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

சத்தமில்லாத விமானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் பல்போடு அண்ணாந்து நின்றேன். ஒரு வெள்ளை விளக்கு தூரத்தில் வளைந்து திரும்பியது. திரும்பி, எங்கள் தோட்டத்துக்கு நேராக முகம் வைத்து இறங்க ஆரம்பித்தது. அவர் சொன்ன கிண்டல்தான் மனதில் வந்தது. ஐயோ, நம் விளக்கைப் பார்த்து ஏர்போர்ட் என்று நினைத்து வருகிறான்!

ஒருமுறை அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஏக்கர் முழுக்க ஆளுயரக் குச்சிகள், குச்சிகளுக்கு நடுவே ஒயர்கள். அதற்குள் அவ்வளவு வேகத்தில் ஒரு விமானம் புகுந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன? விளக்கு இருப்பதால்தானே வருகிறான், விளக்கு இல்லாவிட்டால் வேறு பக்கம் போய்விடுவான் என்று தோன்றியது. தோன்றியதும் ஓடினேன். பாத்தியைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மோட்டார் ரூமுக்குள் பாய்ந்து மெயினை இழுத்து இறக்கினேன்.

ஒரே இருட்டு. இருந்த வெளிச்சம் சட்டென்று போனதால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதே ரூமில் தினமும் புழங்குகிறவள் நான். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெளியே வர ஒரு அடி வைத்தேன், மண்வெட்டியில் இடறி முழங்காலில் விழுந்தேன். விழுந்த இடத்தில்தான் அந்தப் புத்தி வந்தது. நின்ற இடத்தில் இருக்கிற எனக்கே கால் வைக்க வழி தெரியவில்லையே, மேலே இருந்து வருகிறவனுக்கு என்ன தெரியும்?

"மாதேஸ்வரா" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. எழுந்து சுவரைத் தடவினேன். கை கடப்பாரையில் பட்டது, ஸ்டார்ட்டர் பெட்டியில் பட்டது, மெயின் மட்டும் அகப்படவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ வருகிற ஓசை வெளியே கேட்டது. ஒரு வழியாகக் கைக்குச் சிக்கியதும் தூக்கிவிட்டேன். வெளிச்சம் வந்த அதே நேரத்தில், தோட்டத்தின் கடைசி வரிசையில் குச்சிகள் படபடவென்று முறிகிற சத்தம். பிறகு தகரக் கூரை விழுவது மாதிரி ஒரு பெரிய சத்தம்.

வெளியே ஓடி வந்தேன். எங்கள் தோட்டத்துக்கும் நில ஓனரின் சொந்த நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவர் மக்காச்சோளம் அறுத்து முடித்து, நிலம் வெறுமனே கிடந்தது. அந்த வெற்று நிலத்தில் விமானம் மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு, பாதி வட்டம் சுற்றித் திரும்பி நின்றிருந்தது. இடது இறக்கையின் நுனி பிய்ந்து போயிருந்தது. அவ்வளவு சின்ன விமானம். ஒரு ஆம்னி வேனுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது.

கிட்டே போவதற்குள் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. அதே சமயம் காலடியில் சடசடவென்று ஏதோ பொரிகிற சத்தம். குனிந்து பார்த்தால், முறிந்த குச்சிகளோடு எங்கள் ஒயர் அறுந்து தரையில் கிடந்து தீப்பொறி விட்டுக்கொண்டிருந்தது. ப்யூஸ் போயிருக்க வேண்டும், போகவில்லை. காரணம், அடிக்கடி போகிறதே என்று ப்யூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைத் திரித்துப் போட்டு வைத்திருந்தோம். இங்கே பாதித் தோட்டங்களில் அதுதான் பழக்கம். ஒருபுறம் பெட்ரோல், ஒருபுறம் நெருப்பு. மறுபடி மோட்டார் ரூமுக்கு ஓடினேன். முதலில் இறக்கக் கூடாத நேரத்தில் இறக்கிய அதே சுவிட்சை இந்த முறை இறக்கியே ஆக வேண்டியிருந்தது.

திரும்ப வந்தபோது ரோட்டிலிருந்து நாலைந்து பேர் போன் விளக்கை அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் தினமும் கழியைத் தூக்கி விரட்டும் போட்டோக் கூட்டம்தான். கதவை நெம்பித் திறந்தார்கள். உள்ளே இரண்டு பேர். இடது பக்கம் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புருவத்துக்கு மேலே வெட்டுப்பட்டு ரத்தம் வழிந்தது. வலது பக்கம் அவளுக்கு ஓட்டக் கற்றுத் தருபவர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் கால் உள்ளே மடங்கிய தகரத்தில் மாட்டியிருந்தது. அந்த வலியிலும் அவர் கன்னடத்தில் சொன்னது, முதலில் அந்தப் பெண்ணை இறக்குங்கள் என்பதுதான்.

அவளை இறக்கி வரப்பில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் முந்தானையால் புருவத்தை அழுத்தியபடி, பழக்கதோஷத்தில் தமிழில் "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, சாரப் பாருங்க, சாரப் பாருங்க" என்று தமிழிலேயே சொன்னாள். கோலார் பக்கம் பங்காரப்பேட்டையில் இருக்கிற தமிழ்ப் பெண். வேறு ஊர்ப் பயிற்சிப் பள்ளியிலிருந்து இருவரும் மைசூருக்கு வந்துகொண்டிருந்தார்களாம். ஆம்புலன்ஸ் வந்து அவரையும் வெளியே எடுத்து ஏற்றும்வரை அவள் என் கையை விடவில்லை. தொடை எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் காலையில் ஊரே எங்கள் வரப்பில் நின்றது. போலீஸ் வந்தது, மைக்கைப் பிடித்த டிவிக்காரர்கள் வந்தார்கள், விமான விசாரணைக்கென்று இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் கேட்டார். கடைசி நேரத்தில் விளக்கு அணைந்து மறுபடி எரிந்ததாக அந்தப் பெண் சொல்கிறாள், என்ன நடந்தது?

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் நின்ற நில ஓனர் முந்திக்கொண்டார். "கரண்ட் ஹோகித்து சார், இல்லி தினா இதே" என்றார். கரண்ட் போய்விட்டது, இங்கே தினமும் இதே கதைதான் என்று அர்த்தம். எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். "ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார். அவ்வளவுதான், எழுதிக்கொண்டார்.

கரண்ட் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். அது எதிர்த்துப் பேசாது, யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் சேர்ந்து என்னைத் தெய்வமாக்கிவிட்டார்கள். பூந்தோட்டத்து வெளிச்சம்தான் இரண்டு உயிரைக் காப்பாற்றியது, அந்தத் தோட்டக்காரப் பெண்தான் மெயினை அணைத்துத் தீப்பிடிக்காமல் காப்பாற்றினாள் என்று பேப்பரில் போட்டோவோடு வந்தது. சொந்தக்காரர்கள் போன்மேல் போன். ஊரில் என் மாமியார் நாலு பேரிடம் என்னைப் பெருமையாகச் சொன்னாராம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நடக்காத அதிசயம் அது. எனக்கும், பொய் சொல்வானேன், கொஞ்சம் இனித்தது. நாம் அணைத்தது ஏழெட்டு நொடிதானே, நல்லது நினைத்துத்தானே செய்தோம், இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்களே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள், கால் முறிந்த அந்தப் பயிற்சியாளரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மைசூரில் அவர் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருக்கிறார், உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பிளாஸ்திரி. அவள் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள், சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பக்கத்தில் உட்காரவைத்து, இனி பயமில்லை சாமி, சீக்கிரம் மறுபடி ஓட்டலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "இல்ல ஆன்ட்டி, நான் விட்டுடப் போறேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

இன்ஜின் நின்றதும் அவர்தான் விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டாராம். எங்கள் தோட்டத்தை ஏர்போர்ட் என்று யாரும் நினைக்கவே இல்லை. வரிசையாக விளக்கு, விளக்குக்குக் கீழே செடி, ஆக இது தோட்டம், இதில் குச்சியும் கம்பியும் இருக்கும் என்று அவருக்கு மேலேயே தெரிந்துவிட்டது. தோட்டத்துக்குப் பக்கத்தில் இருட்டாக ஒரு வெற்று நிலம் இருப்பதையும், அதில் மரம் இல்லை என்பதையும் எங்கள் வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறார். தோட்டத்தை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் இறக்கப் போகிறேன், நீ இடது பக்கம் மட்டும் பார், விளக்கு வரிசை எவ்வளவு கிட்டே வருகிறது என்று சொல்லிக்கொண்டே இரு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"சொல்லிட்டேதான் ஆன்ட்டி வந்தேன். திடீர்னு கரண்ட் போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. சார் கேட்டாரு. நான் பயத்துல, இன்னும் தூரம் இருக்கு சார்னு சொல்லிட்டேன். ஆனா பக்கத்துல வந்துட்டோம். நான் தப்பாச் சொன்னதாலதான் அவரு கால் போச்சு. என்ன நம்பி ஒரே ஒரு வேல குடுத்தாரு."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். "அழாத சாமி, எல்லாம் சரியாப் போயிரும்" என்று ஒன்றுக்கும் உதவாத ஒரு வார்த்தையைச் சொல்லி, ஆரஞ்சுப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துவிட்டேன். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. எங்கள் ஊருக்கு ஒன்பது வரை பஸ் உண்டு.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் அணைத்தேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். "ஏன் புள்ள, எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாமல்ல?" என்றார். பிறகு அவருக்கும் பயம் வந்துவிட்டது. "போனது போச்சு. ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்கல்ல? நீ போயி ஒளறி வெக்காத. அதிகாரிகிட்டப் பொய் சொன்னேன்னு கேசு கீசு வந்தா நம்மள ஆரு காப்பாத்துவாங்க? வெளியூர்க்காரங்க நாம. ஓனரு நெலத்த விட்டுப் போன்னுருவாரு. செடி பாதி வளத்தியில நிக்குது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினால் அந்தத் தோள் குலுங்கியது. ஆனால் அலுப்பு இருக்கிறதே, அது எந்தப் பாவத்தையும் பார்ப்பதில்லை. தூங்கிவிட்டேன்.

காலையில் அவர்தான் என்னை எழுப்பினார். காபி போட்டுக் கையில் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அதுவும் அதிசயம்தான். "ராத்திரி எனக்கும் தூக்கம் புடிக்கல. போயிச் சொல்லிட்டு வந்துரு. நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம், நான் கெடுத்ததை நானே போய்ச் சொல்கிறேன் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று அந்தப் பயிற்சியாளர் நினைவோடு இருந்தார். கால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. அந்தப் பெண் இன்னும் வெளியே பெஞ்சில்தான். இந்த நாலு நாளில் அவள் அந்த அறைக்குள் போகவே இல்லையாம். கையைப் பிடித்து வா என்று இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, அவருக்குப் புரிய வேண்டும் என்று கன்னடத்தில் பாதி, அவளுக்காகத் தமிழில் பாதி என்று சொல்லிவிட்டேன். கரண்ட் போகவில்லை. நான்தான் மெயினை இறக்கினேன். நீங்கள் ஏர்போர்ட் என்று நினைத்து வருகிறீர்கள் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் மெதுவாகச் சொன்னார்:

"கொத்து அம்மா." தெரியும் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரண்ட் போயிருந்தால் ஊர் முழுக்க இருட்டாகியிருக்க வேண்டும் அல்லவா, மேலே இருந்து பார்க்கும்போது சுற்றுவட்டத்து வீடுகளில் எல்லாம் விளக்கு எரிந்தது, உங்கள் தோட்டம் மட்டும்தான் அணைந்தது, யாரோ பயந்துபோய் அணைக்கிறார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, ஊரே விளக்கெரிய நான் கரண்ட் போச்சு என்று சொல்லியிருக்கிறேன்! யாரோ ஒரு நல்ல மனுஷர் பதறிச் செய்தது, அதே மனுஷர்தான் எட்டு நொடியில் திரும்பப் போட்டார், போட்ட நேரத்தில் இறக்கைக்குக் கீழே குச்சி தெரிந்ததால்தான் வலது பக்கம் திருப்ப முடிந்தது, இல்லாவிட்டால் நேராகக் கம்பிக்குள் போயிருப்போம் என்றும் சொன்னார். நாலு நாளும் மயக்கத்திலேயே போனதால், விசாரணைக்காரர்களிடம் அவர் இன்னும் பேசவில்லை. இந்தப் பெண் இப்படி ஒரு பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அவளைப் பார்த்து, இருட்டில் எனக்கே தெரியாததை உன்னால் எப்படிச் சொல்ல முடியும், கேட்டது என் தப்பு என்றார்.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "நேத்து இங்கதான இருந்தீங்க ஆன்ட்டி? நான் சொன்னப்ப பக்கத்துலதான இருந்தீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

அவள் விருட்டென்று வெளியே போய்விட்டாள். வாசலில் நின்றிருந்த அவள் அம்மா பின்னாலேயே ஓடினார். நானும் கிளம்பினேன். அவர் மட்டும், கோபப்படட்டும் அம்மா, நாலு நாளாகத் தன்மேல் பட்ட கோபத்தைவிட இது நல்லது என்றார்.

அன்று மத்தியானமே அந்த அதிகாரிகள் தங்கியிருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். முன்பு சொன்னது பொய், இதுதான் நடந்தது என்று சொன்னேன். அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்டவர் திட்டவில்லை, கேஸ் போடுவேன் என்று மிரட்டவும் இல்லை. பழைய தாளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அணைத்த நீங்கள் எதற்காகத் திரும்பப் போட்டீர்கள்? எனக்கே கண் தெரியவில்லை சார், அதனால்தான் என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

நில ஓனரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் அந்தச் செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டு ஒழுங்கான ப்யூஸைப் போடுங்கள் என்று மட்டும் சொன்னார். நிலத்தைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அந்த வருடம் கடைசி நாலு வரிசை போனது போனதுதான். மீதி பூத்தது.

விமானத்தில் என்ன கோளாறு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பயிற்சியாளருக்குக் கால் சேர எட்டு மாதம் ஆனது. இப்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறாராம், மறுபடி கற்றுக்கொடுக்கிறாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்தப் பெண்தான். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஒருநாள் போன் வந்தது. புது நம்பர், எடுத்ததும் குரலை வைத்தே தெரிந்துவிட்டது. "ஆன்ட்டி, நேத்து நைட்டு நான் தனியாப் போயி எறக்கிட்டு வந்தேன்" என்றாள். வாய் நீளம் என்று பேர் எடுத்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். "அழறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்றைக்குக் கோபத்தில் வெளியே போய்விட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறாள்! நான் என்னத்தைச் சொல்ல? சாப்பிட்டாயா சாமி என்று கேட்டேன்.

பதறிப்போய் விளக்கை அணைத்ததை அவர்கள் இருவரும் மன்னித்துவிட்டார்கள், நானும் ஒருவாறு மன்னித்துக்கொண்டேன். ஆனால் அவள் அழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கே கடைசி பஸ் என்று ஒரு சாக்கைச் சொல்லி எழுந்து வந்தேனே, கண் நன்றாகத் தெரிந்த வெளிச்சத்தில் செய்த அந்தக் காரியத்தை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.